அன்பு சொன்னதும் பலராமன் கேட்டதும்

பலராமனுக்கு முதலில் காணாமல் போனது கொசுவின் சத்தம்தான். பிள்ளைப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் அவர் வீடு. மழை விட்ட நாட்களில் சாயங்காலம் வாயைத் திறந்து பேச முடியாது, கொசு உள்ளே போய்விடும். ஒரு வருடம் ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் காதோரம் ரீங்காரமே இல்லை. "இந்த வாட்டி பஞ்சாயத்துல நல்லா மருந்து அடிச்சிருக்கான்போல" என்று மனைவி கனகத்திடம் சொன்னார். கனகம் தன் கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்திருந்தது.

"மொதல்ல உன் காலப் பாருய்யா."

குனிந்து பார்த்தார். அவர் காலும் அப்படித்தான் இருந்தது.

கொசுவுக்குப் பிறகு குக்கர் விசில். பிறகு செல்போன் மணி, தாழிட்ட கதவுக்கு வெளியே நின்று கனகம் கூப்பிடும் குரல். ஒரேயடியாகக் காது அடைத்துப்போயிருந்தால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பார். இது அப்படி இல்லை. லாரியின் உறுமல் கேட்டது. இடி கேட்டது. பக்கத்தில் நின்று பேசும் ஆம்பிளைகளின் பேச்சு கேட்டது. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தன. பேச்சிலும் சில எழுத்துகள் உதிர்ந்துவிடும். மிச்சம் வந்து சேர்ந்ததை வைத்து வார்த்தையை அவரே ஒட்டிக்கொள்வார். பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் இருக்காது.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வயதில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாரி ஷெட்டில் தொழில் பழகினார். கம்பெனிகள் வந்தபோது, மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஆசையில் ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். கார் கதவுகளை அச்சடிக்கும் இடம். தகட்டின்மேல் பிரஸ் இறங்கினால் பாதத்தில் தொடங்கி பல் வரைக்கும் அதிரும். காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு உருளைகள் கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது. கேட்கவில்லையென்றால் லைன் மொத்தத்துக்கும் முன்னால் திட்டு விழும். பஞ்சு சட்டைப் பையிலேயே இருந்தது. வருடங்கள் போயின. கான்ட்ராக்டரை மாற்றியபோது பழைய ஆட்களையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். பலராமன் திரும்பவும் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். ஒரகடம் போகும் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு உட்கார்ந்தார்.

புது வண்டிகளில் எது கெட்டாலும் கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது, அவை கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடும். பலராமனிடம் வந்தவை பழைய வண்டிகள். தண்ணி லாரி, ஜல்லி லாரி, செங்கல் லாரி. இவற்றுக்கு நோய் வந்தால் சத்தமாகத்தான் வரும். டிரைவர்கள் வந்து, "மேஸ்திரி, ஒரு சத்தம் வருது" என்பார்கள். பலராமன் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது பதில் இருக்கும். அந்தப் பதிலுக்காகத்தான் அவ்வளவு பேர் வந்தார்கள்.

காது மங்கிய பிறகும் அவர் கண்ணை மூடுவதை விடவில்லை. ஸ்க்ரூடிரைவரின் அதிர்வு காது மடலில் குறுகுறுக்கும், உள்ளே ஒன்றும் போகாது. அதற்கு முன்னாலேயே டிரைவரிடம் நாலு கேள்வி கேட்டுவைத்திருப்பார். எப்போதிருந்து வருகிறது, ஏற்றத்தில் வருகிறதா, ரேஸ் பண்ணினால் கூடுகிறதா என்று. பதில் சொல்லும் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பாதி நோய் டிரைவரின் பேச்சிலேயே தெரிந்துவிடும். மீதிக்கு அனுபவம் கைகொடுத்தது. அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். காது கேட்காத மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்?

ஒரு சித்திரை மாதம் கோதண்டராமனின் தண்ணி லாரி வந்தது. கோதண்டராமன் வல்லம் வடகால்காரர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிச்சமிருந்த மூலையில் போர் போட்டு, கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் அடிப்பவர். ஒரே லாரி, அதுவும் கிழட்டு லாரி. அதை ஓட்டியவன் அன்பு. முப்பதைத் தாண்டியவன், அதிகம் பேசமாட்டான். அந்த வண்டியில் ஒரு நட்டு தளர்ந்தாலும் சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான் என்று கோதண்டராமன் பெருமையாகச் சொல்வார்.

அன்பு இன்ஜினை அணைக்காமலே குதித்து இறங்கினான்.

"அண்ணா, இன்னான்னு பாருணா. இன்ஜின்ல பின்னாடி பக்கமா டிக்கு டிக்குன்னு ஒண்ணு அடிச்சிகினே கீது."

பலராமன் குனிந்து கேட்டார். உறுமல் மட்டும்தான் கேட்டது. எந்த டிக்கும் இல்லை.

"ரேஸ் பண்ணா வேகமா அடிக்குதா?"

"ஆமாணா. ரேஸுக்குத் தக்கன அதுவும் வேகமாவுது."

அப்படியென்றால் வால்வு பக்கம்தான். இன்ஜின் தலையில் வரிசையாக நின்று, வால்வுகளை மாறி மாறி அமுக்கித் திறக்கும் ராக்கர்கள், அவற்றை அடியிலிருந்து தள்ளும் கம்பிகள், இதில் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது. இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

"சூடானப்புறம் எப்டி?"

அன்பு பதில் சொன்ன நேரத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. அவன் முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. பலராமனுக்கு வார்த்தையின் தலையும் வாலும்தான் கிடைத்தன.

"இன்னா?"

அன்பு துண்டால் முகத்தைத் துடைத்தபடியே மறுபடி சொன்னான். துண்டு வாயை மறைத்தது. பலராமன் கிடைத்ததை ஒட்டிப் பார்த்தார். அடங்கிடுது. அடங்கிடுது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது முறை கேட்டால் அன்பு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்கு பயந்து அவர் தலையை ஆட்டிவிட்டார்.

வித்தியாசம் என்னவென்று அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். காலையில் அடித்து, சூடானதும் அடங்கும் சத்தம் கிழட்டு இன்ஜினின் முனகல். இடைவெளியைச் சரிசெய்துவிட்டால் போதும், பயமில்லை. சூடாகச் சூடாக ஏறும் சத்தம் வேறு ஜாதி. ஆயில் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜினை அணைக்கச் சொல்லி, ஆறவிட்டு, மேல்மூடியைக் கழற்றினார். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை ஒவ்வொரு ராக்கர் அடியிலும் விட்டு, தளர்ந்திருந்ததை முறுக்கி வைத்தார். கடைசி ராக்கரின் அடியிலும் தகடு உரசிக்கொண்டு சரியாகத்தான் போனது. வேலை முடிந்ததுபோலத் தோன்றியது.

ஆனால் முடியவில்லை. மூடியைத் திறந்துவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, எல்லா ராக்கருக்கும் ஆயில் ஏறுகிறதா என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். தொழில் பழகிய முதல் வருடமே கற்றுக்கொண்ட விஷயம். அந்த நேரம் பார்த்து கோதண்டராமன் பைக்கில் வந்து இறங்கினார்.

"முடிஞ்சுதா மேஸ்திரி? அங்க ஹாஸ்டல்ல பொண்ணுங்க வாளிய வெச்சிகினு நிக்குதுங்க. போன் மேல போன்."

ஒரு பக்கம் கோதண்டராமன், இன்னொரு பக்கம் அன்பு. மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டால் இரண்டு பேரும் குனிந்து பார்ப்பார்கள். இதோ இங்கதான் அடிக்குது கேளு மேஸ்திரி என்பார்கள். அவர் என்ன சொல்வார்? பலராமன் மூடியைப் போட்டு இறுக்கினார். பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கண்ணை மூடி நின்றார். கண்ணைத் திறந்தபோது அன்பின் முகத்தில் தெளிவில்லை.

"அண்ணா, இன்னும் லைட்டா இருக்கறா மாதிரி கீதே."

இது நன்றாகவே கேட்டது.

"பழைய இன்ஜின்பா. இவ்ளோதான் வரும். ஒண்ணும் ஆவாது, ஓட்டு."

அன்பு தலையைச் சாய்த்து இன்னொரு தடவை இன்ஜினைக் கேட்டான். பிறகு, "நீ சொன்னா சரிணா" என்று ஏறி உட்கார்ந்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் நடந்துவிட்டது. காலையில் ஷிப்ட் மாறும் நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் நிரம்பிய லாரி மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனபோது இன்ஜினுக்குள் ஏதோ உடைந்து, அப்படியே இறுகி நின்றுவிட்டது. அன்பு ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். பின்னால் வந்த வேன் ஒன்று நின்ற லாரியைச் சுற்றிக்கொண்டு போக முயன்றது. வலது பக்கத்தில் குனிந்திருந்தவனை வேன்காரன் பார்க்கவில்லை.

கோதண்டராமன்தான் ஷெட்டுக்கு வந்து சொன்னார். சட்டையெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. பலராமன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. இந்த ஒரு தடவை எதுவும் உதிரவில்லை.

"வலது கால். கணுக்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க." கோதண்டராமன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து சொன்னார். "உன்மேல தப்பு இல்ல மேஸ்திரி. நீ அன்னிக்கே சொன்ன, கெழட்டு இன்ஜின்னு. நான்தான் மாத்தாம ஓட்டிகினு இருந்தேன்."

அன்று முழுக்க வந்தவர் போனவரெல்லாம் இதையேதான் சொன்னார்கள். பழைய வண்டி, மேஸ்திரி என்ன பண்ணுவார் பாவம். யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கமாட்டாரா என்று பலராமனுக்கு இருந்தது. டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்று டீ கொடுத்தனுப்பினார். அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை.

லாரியைக் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டார்கள். பலராமன் மூடியைக் கழற்றினார். முன்பக்கத்து ராக்கர்கள் ஆயிலில் நனைந்து பளபளத்தன. பின்னால் போகப்போக மங்கியது. கடைசி ராக்கரில் விரலை வைத்தார். வெயிலில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் காய்ந்திருந்தது. சூட்டில் நீலம் பாரித்து, தண்டோடு ஒட்டி இறுகிப்போயிருந்தது. இறுகிய ராக்கர் வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள, மேலே வந்த பிஸ்டன் அதில் மோதி எல்லாம் உடைந்திருந்தது. ஆயில் ஏறும் ஓட்டையில் கம்பியை விட்டுக் குத்தினார். கறுப்பாக, தார் மாதிரி ஒரு கட்டி வெளியே வந்தது.

ராக்கரைத் தட்டிக் கழற்றி, நுனியைத் துடைத்துப் பார்த்தார். வால்வில் அடித்து அடித்து அதில் பள்ளம் விழுந்திருந்தது. அன்றைக்கு அவர் விட்ட தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. இரண்டு கரையிலும் பாலம்போலப் படுத்துக்கொண்டு, எல்லாம் சரி என்று காட்டியிருக்கிறது.

கையில் ராக்கரை வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறந்துவைத்து ஒரு நிமிஷம் ஓடவிட்டிருந்தால் கடைசி ராக்கருக்கு ஆயில் வராதது தெரிந்திருக்கும். அதைப் பார்க்கக் காது வேண்டியதில்லை. கண் போதும். கண் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. காது செய்ததில்லை இது. காது போனதை மறைக்கப் போய் அவரே செய்தது.

மத்தியானம் கனகம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். முதுகுப் பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. தூக்கை ணங்கென்று பெஞ்சில் வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"எத்தினி வாட்டி கூப்புடறது? வாயத் தொறந்து ஒரு பதில் சொன்னா இன்னா கொறஞ்சா போயிடுவ?"

"எனக்குக் காது கேக்கலடி," என்றார் பலராமன்.

"இப்பதான் கேக்கலன்னு…"

"இப்ப இல்ல. பல வருஷமா. அன்பு சொன்னதும் எனக்குச் சரியா கேக்கல. கேட்டா மாதிரி தலையாட்டி அனுப்பிட்டேன்."

கனகத்தின் கண் முதலில் அவரைப் பார்த்தது, பிறகு திறந்துகிடந்த இன்ஜினைப் பார்த்தது. அவள் வாய் கோணிக்கொண்டது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"நான் பேசறது புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்யா," என்றாள். "இத்தினி வருஷமா. வூட்ல செவுத்தாண்ட பேசறா மாதிரி பேசிகினு… எங்கம்மாகிட்ட கூட சொல்லி அழுதேன், இந்த ஆளுக்கு என்னப் புடிக்கலம்மான்னு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சாப்பாட்டை இருவருமே தொடவில்லை.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். கனகம் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். அன்பு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். போர்வை ஒரு இடத்தில் சட்டென்று தாழ்ந்து தட்டையாகப் போனது. பலராமன் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அன்பின் மனைவி சசிரேகா உட்கார்ந்திருந்தாள்.

"வாணா," என்றான் அன்பு. குரல் மிகச் சின்னதாக வந்தது. பலராமன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அன்பு, எனக்குக் காது சரியா கேக்காது. ரொம்ப நாளா. யாருக்கும் தெரியாது. அன்னிக்கு சூடானா எப்டின்னு கேட்டேன் இல்ல, நீ அடங்கிடுதுன்னு சொன்னதா நெனச்சேன்."

அன்பு அவரையே பார்த்தான்.

"அதிகமாயிடுதுன்னு சொன்னேன்ணா," என்றான். "ரெண்டு வாட்டி சொன்னேன்."

"தெரியும். இப்ப தெரியும்."

"அதுக்கப்புறமும் கேட்டுகினேதான் இருந்துச்சு. நாளுக்கு நாள் ஏறுச்சு. எனக்கு நல்லா கேட்டுச்சுணா." அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். "பொய்யா இருக்கும், பலராமண்ணன் காதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு என் காத நானே நம்பலணா."

பலராமன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அன்பு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சசிரேகா எழுந்து வந்து, "போயிடுணா. அவரு தூங்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். சத்தம் போடவில்லை.

வெளியே வந்து கோதண்டராமனுக்குப் போன் போட்டார். போனில் பதில் கேட்காது என்பதால் நேரில் வரச் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கோதண்டராமன் கையை ஓங்கினார், அடிக்கவில்லை. "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்யா. விதின்னு இருந்திருப்பேன். இப்ப இதத் தெரிஞ்சிகினு நான் எப்டித் தூங்குவேன்?" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கனகம் விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் மிஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் விரல் அசையும்போதெல்லாம் பலராமன் பட்டனை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்து, எழுந்து வந்து அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தாள். கனகம் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு பலராமனின் கட்டைவிரல் பட்டன் மேலேயே சும்மா கிடந்தது. எவ்வளவோ நேரம் கிடந்தது. உள்நரம்பு போய்விட்டது, காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், போனது திரும்பாது என்றார் டாக்டர்.

மிஷின் வைத்தார்கள். ஷெட்டில் அதைப் போட்டால் ரோடு முழுவதும் தலைக்குள் இறங்கியது. மெல்லிய சத்தங்கள் அப்போதும் வரவில்லை. வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டார். கனகம் எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பேசப் பழகிக்கொண்டாள். சில நாள் பேச ஆரம்பித்து, பாதியில் கோபம் வந்து எழுந்து போய்விடுவாள்.

அன்பு வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, ஆவணி வாக்கில் பலராமன் வல்லம் வடகாலுக்குப் போனார். வரிசை வீடுகளில் ஒன்று. அன்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அக்குளில் ஊன்றும் கட்டை சாய்ந்திருந்தது. சசிரேகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பலராமன் ஒரு யோசனையோடு வந்திருந்தார். பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்த யோசனை.

"அன்பு, நீ ஷெட்டுக்கு வந்து உக்காரு. உனக்குக் காது இருக்கு. சத்தத்த நீ கேளு, வேலைய நான் செய்யறேன். வர்றதுல பாதி உனக்கு."

அன்பு வாயைத் திறப்பதற்குள் சசிரேகா அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக, அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

"அவரு கால எடுத்தாச்சு. இப்ப காதும் வேணுமாணா உங்களுக்கு?"

பலராமன், தான் கொடுக்க வந்ததாகத்தான் இதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவன் என்று இப்போதுதான் உறைத்தது. அன்பு தலையைக் குனிந்துகொண்டான். "சசி, விடு," என்றான் போலிருக்கிறது. உதட்டசைவு அப்படித்தான் தெரிந்தது. பலராமன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, பஸ் வந்தும் ஏறாமல், வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். லாரிக்கு முன்னால் போய் விழுந்துவிடலாம் என்றுகூட அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கனகத்தின் முகம் குறுக்கே வந்தது. எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

கோதண்டராமனின் லாரி அதுவரை ஷெட்டிலேயே கிடந்தது. கோதண்டராமன் வந்து கேட்கவுமில்லை, எடுத்துப்போகவுமில்லை. பலராமன் அதைப் பிரித்தார். பிஸ்டன், வால்வு, ராக்கர், தண்டு, எல்லாம் மாற்றினார். ஆயில் ஓடும் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டு, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு வேலை எதையும் தொடவில்லை. முடிந்த அன்று கனகத்தைக் கோதண்டராமனுக்குப் போன் போடச் சொன்னார்.

கோதண்டராமன் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. பலராமன் மூடியைப் போடாமலே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். இருவரும் இரண்டு பக்கமும் நின்று குனிந்தார்கள். முதலில் முன்பக்கத்தில் ஆயில் கசிந்தது, பிறகு நடுவில். கடைசி ராக்கரில் வர நேரமானது. பலராமனின் கை தானாகவே ஸ்விட்ச் பக்கம் போனது. அப்போது அங்கேயும் ஆயில் எழும்பி, பக்கவாட்டில் வழிந்தது.

"இன்ஜின் சூடாவட்டும்," என்றார் பலராமன். "அப்புறம் நீங்க கேட்டுச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது."

இன்ஜின் சூடானது. கோதண்டராமன் காதை நீட்டிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆயில் தெறித்ததா என்னவோ. பிறகு ஏதோ சொன்னார்.

"கேக்கல. என்னப் பாத்து சொல்லுங்க."

கோதண்டராமன் முகத்தைத் திருப்பி, "சத்தம் இல்ல," என்றார்.

"இன்னொரு வாட்டி."

"சத்தம் இல்லயா. இல்ல."

கோதண்டராமன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்த வண்டி அங்கே வரவில்லை. ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, வேறு டிரைவர் ஓட்டுகிறான் என்று கேள்வி. அன்பு ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வழியில் பார்த்தால் தலையசைக்கிறான், பேசுவதில்லை.

பலராமனின் ஷெட் இருக்கிறது. கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் பட்டை என்று காது வேண்டாத வேலைகள் வருகின்றன, அவையும் முன்னைப்போல் இல்லை. போன மாதம் செங்கல் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் புதுசு, தெற்கத்திப் பக்கம். இறங்கும்போதே, "அண்ணாச்சி, இன்ஜின்ல ஒரு சத்தம்…" என்றார்.

பலராமன் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார். "எனக்குக் காது கேக்காது. சத்தத்த நீங்கதான் கேட்டுச் சொல்லணும். நான் தொறந்து, கண்ணால பாத்து வேல செய்வேன். இஷ்டம் இல்லன்னா சுங்குவார்சத்திரத்துல வேற ஷெட் கீது."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். டயர் கிளப்பிய புழுதி அடங்கும்வரை பலராமன் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், பாதியில் விட்ட பிரேக் வேலையை எடுத்தார்.